நூற்றிருபதில் இல்லாத கேள்வி

ஊறவைத்த மொச்சையைப் பிதுக்கிக்கொண்டே இதை எழுதுகிறேன். ஒரு பிடி பிதுக்குவது, கையை முந்தானையில் துடைப்பது, ஒரு வரி எழுதுவது. நோட்டில் அங்கங்கே வழவழவென்று இருந்தால் அது மொச்சை, கண்ணீர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மார்கழி பிறந்தால் மைசூரில் வீட்டுக்கு வீடு பிதுக்கிய மொச்சைக் குழம்புதான். தோலோடு பார்த்தால் ஒரு குண்டான் நிறைய இருக்கும். பிதுக்கி முடித்தால் அரைக் குண்டான்கூடத் தேறாது. சிட்டி டூர் கைடு ஆவதற்கு வேண்டிய பொது அறிவும் இப்படித்தான் என்று மூன்று மாதம் பயிற்சி எடுத்த பிறகு எனக்குத் தெரிந்தது.

ஏழு வருஷம் வீட்டில் உட்கார்ந்து ஊதுவத்தி உருட்டினவள் நான். படிப்பு ஆறாவது. அதுவும் அந்தியூர்ப் பக்கம், தமிழில். கல்யாணமாகி மைசூர் வந்து, கன்னடத்தைக் காதால் கற்றேன், கண்ணால் கற்கவில்லை. பேசுவேன், படிக்க வராது. எங்கள் ஊரில் ஒரு டிராவல்ஸ்காரர் தமிழ்நாட்டுப் பயணிகளுக்கென்று தனியாக ஒரு பஸ் விட்டார். அதற்குத் தமிழ் பேசும் பெண் கைடு தேவை, படிப்பு தடையில்லை, பயிற்சி நாங்களே தருவோம் என்றார்கள். எட்டுப் பேர் சேர்ந்தோம். கடைசியில் மிஞ்சியது இரண்டு பேர், நானும் விமலாவும். இருக்கிற வேலை ஒன்று. விமலா பி.ஏ. நான் நாலு பேர் நடுவில் தண்ணீர் கேட்கவே கூச்சப்படுகிறவள். எனக்குக் கிடைக்கவில்லை என்றால் மறுபடியும் ஊதுவத்தி மணைதான். அது இன்னும் சுவரோரம் சாய்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறது.

மனப்பாடம் செய்தே வாழ்க்கையை ஓட்டியவர்கள், பரீட்சை ஹாலில் நாக்கு ஒட்டிக்கொண்டவர்கள், மேடையில் ஏறியதும் சொந்தப் பேரை மறந்தவர்கள் எல்லாரும் கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள். நானும் உங்கள் கூட்டம்தான்.

ஒன்றிலிருந்து நூற்றிருபது வரை

எங்களுக்குப் பாடம் எடுத்தவர் ஒரு ரிட்டயர்டு வாத்தியார். வரலாறு சார் என்றே கூப்பிடுவோம். முதல் நாளே ஆளுக்கொரு கட்டுக் காகிதம் கொடுத்தார். நூற்றிருபது கேள்வி, நூற்றிருபது பதில், எல்லாம் கன்னடத்தில் டைப் அடித்தது. அரண்மனை எந்த வருஷம் எரிந்தது, எந்த வருஷம் திரும்பக் கட்டினார்கள், மலைக்கு எத்தனை படி, நந்தி ஒரே கல்லா பல கல்லா, பட்டுக்கும் சந்தனத்துக்கும் இந்த ஊருக்கும் என்ன உறவு, இப்படி. இதற்கு வெளியே ஒரு பயணி கேட்டால் என்ன செய்வது என்று விமலா கேட்டாள். நூற்றிருபதுக்கு வெளியே மைசூரில் எதுவும் இல்லை என்றார் சார்.

எனக்கோ அந்தக் காகிதம் கோலப்புள்ளி மாதிரித்தான் தெரிந்தது. வீட்டுக்காரர் மைசூரிலேயே பிறந்தவர், கன்னடப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். காலையில் அவர் சவரம் செய்துகொண்டே வாசிப்பார். நான் தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்வேன். சோப்பு நுரை வாயில் போகிற இடங்களில் எல்லாம் என் நோட்டில் மகாராஜா பேர் கொஞ்சம் குறைந்திருக்கும். விமலாவுக்கு இதற்கு நேர் எதிர். அவள் மைசூர்த் தமிழ்ப் பெண்தான், ஆனால் தமிழ் எழுத்து தெரியாது. தமிழில் சொல்ல வேண்டியதைக் கன்னட எழுத்தில் எழுதி வைத்துப் படிப்பாள். ஒருவர் நோட்டை ஒருவர் வாங்கினால் இரண்டு பேருக்கும் ஒன்றும் புரியாது. அதனால் காப்பி அடிக்கிற பிரச்சினையே எங்களுக்குள் வரவில்லை.

பத்தாம் நாளே ஒன்றிலிருந்து நூற்றிருபது வரை ஒரு மூச்சில் சொல்ல ஆரம்பித்தேன். நடுவில் நிறுத்தினால் மட்டும் போச்சு, மறுபடி ஒன்றிலிருந்துதான். ராத்திரி சாப்பாட்டில் வீட்டுக்காரருக்கு மிருகக்காட்சி சாலை வரை சொல்லிக்காட்டினேன். கேட்டுக்கொண்டே சாப்பிட்டவர், கை கழுவிவிட்டு வந்து சொன்னது: “எல்லாம் சரி செல்வி. ஆனா டவுன் பஸ்ல டிக்கெட் கேக்கறதுக்கே என்னைக் கூட்டிட்டுப் போறவ நீ. ஐம்பது பேர் முன்னாடி யாரு சொல்றது, நானா?”

மைக்

சொன்னது பலித்தது. பயிற்சிக்காக நிஜப் பயணிகளோடே எங்களைப் பஸ்ஸில் ஏற்றுவார்கள். ஆளுக்கு ஓரிடம் பேச வேண்டும். என் முறை வந்ததும் மைக்கைக் கையில் கொடுத்தார்கள். அது இவ்வளவு கனமாக இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. பேசினேன். உண்மையாகவே பேசினேன், உதடு அசைந்தது எனக்கே தெரிந்தது. டிரைவர் மாதப்பா அண்ணன் சுவிட்ச் போடவில்லையோ என்று இரண்டு தடவை போட்டு அணைத்துப் பார்த்தார். சுவிட்ச் போட்டுத்தான் இருந்தது. நான்தான் போடவில்லை.

கரூரிலிருந்து வந்த ஒரு அம்மா முதல் சீட்டில் இருந்தார். மடியில் ஒரு வயசுப் பையன், நெளிந்துகொண்டே இருந்தான். நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பதை ரொம்ப நேரம் இரக்கத்தோடு பார்த்தார். பிறகு எழுந்து, குழந்தையை என் இடுப்பில் வைத்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டே கேட்டார்: “கைடு எப்பம்மா வருவாங்க? அதுவரைக்கும் இவனைக் கொஞ்சம் வெச்சிரு.”

பல்பு

குழந்தை இடுப்பில் இருந்தால் எனக்குக் குரல் வரும் என்பதை அன்றுதான் கண்டுபிடித்தேன். பத்து நிமிஷம் அவனை ஆட்டிக்கொண்டே அரண்மனை வரை சொல்லி முடித்தேன். ஆனால் எல்லாப் பயணத்திலும் குழந்தைக்கு எங்கே போவது, என் மகளைப் பஸ்ஸில் ஏற்ற விடமாட்டார்களே? அதற்குப் பதிலாகக் கண்ணை மூடிக்கொண்டேன். இருட்டில் கூட்டம் தெரியாது, வரிசை மட்டும் தெரியும். ஒன்று, இரண்டு, மூன்று என்று தானாக வந்து விழும்.

அரண்மனை வாசலில் பல்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சுற்றிலும் ஏறக்குறைய ஒரு லட்சம் பல்பு எரியும் என்பது முப்பத்தோராம் பதில். பயிற்சி வகுப்பில் இந்த எண்ணை ஆளுக்கொரு விதமாகச் சொன்னோம். ஒருத்தி பத்தாயிரம் என்றாள், இன்னொருத்தி பத்து லட்சம் என்றாள். எண் மறந்தால் நிற்கக் கூடாது, வாய்க்கு வந்ததை நிமிர்ந்து சொல்ல வேண்டும், யாரும் எண்ணிப் பார்க்கப் போவதில்லை என்று சார் கற்றுக்கொடுத்தார். கைடு தொழிலின் அடிப்படையை ஒரே வரியில் சொல்லிக்கொடுத்த குரு அவர்தான்.

நான் சரியாகவே சொன்னேன். சேலத்துக்காரர் ஒருவர், வயரிங் வேலை செய்கிறவராம், தலையை அண்ணாந்து கோபுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மகாராஜாவையோ வருஷத்தையோ அவர் கேட்கவில்லை. அவர் கேட்டதற்கு நூற்றிருபதில் பதில் கிடையாது. சாரைத் திரும்பிப் பார்த்தேன், சார் புறாவைப் பார்த்தார். சேலத்துக்காரர் கேட்டது இது: “என் வீட்ல இருக்கிறது நாலு பல்பு, அதுல ரெண்டு எரியல, மாத்த ஏணி இல்ல. இங்க உச்சியில ஒண்ணு ஃபியூஸ் போனா எதுல ஏறி மாத்துவாங்க, அதைச் சொல்லும்மா மொதல்ல.”

இடது பக்கம் பாருங்கள்

இனி வருவதை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. சொல்லத்தான் வேண்டும்.

சாரின் நூற்றிருபது கேள்வியும் பஸ் போகிற வழியில் அடுக்கியது. பஸ் நிலையத்தில் ஒன்று தொடங்கும், நகரத்தைச் சுற்றி, மலைக்குப் போய் முடியும். இடது பக்கம் பாருங்கள், வலது பக்கம் பாருங்கள் என்பதும் பதிலோடு சேர்ந்தே வரும். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. நேரமாக ஆக மலையில் கூட்டம் ஏறிவிடும் என்று மாதப்பா அண்ணன் காலையிலேயே பஸ்ஸை வேறு வழியாக நேரே மலைக்கு விட்டுவிட்டார். கீழே இறங்கி ஊருக்குள் வரும்போதுதான் என் முறை. பஸ் எதிர்த் திசையில் வருகிறது. என் வாயோ பழைய திசையிலேயே போகிறது. கண்ணையும் மூடியாயிற்று.

ஒன்பதாம் பதில் மணிக்கூண்டு. “இடது பக்கம் பாருங்கள்” என்றேன். ஐம்பது தலையும் இடது பக்கம் திரும்பியது. மணிக்கூண்டு வலது பக்கம் போய்க்கொண்டிருந்தது. இடது பக்கம் இருந்தது நீல வர்ணம் அடித்த கட்டணக் கழிப்பறை. நான் நிற்கவில்லை, நின்றால்தான் மறுபடி ஒன்றிலிருந்து வர வேண்டுமே. மகாராஜா ஆட்சிக்கு வந்து இருபத்தைந்து வருஷம் நிறைந்ததற்கு அரண்மனைப் பணியாளர்கள் நன்றியோடு கட்டியது என்றேன். அதன் கம்பீரத்தைக் காண வெளியூரிலிருந்து மக்கள் வருகிறார்கள் என்றேன். இன்றைக்கும் நேரம் தவறாமல் ஊருக்குச் சேவை செய்து வருகிறது என்று முடித்தேன்.

பஸ்ஸே குலுங்கிச் சிரித்தது. கண்ணைத் திறந்து பார்த்தவள் மறுபடி மூடிக்கொண்டேன். மாதப்பா அண்ணன் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு சிரிப்பதற்காக பஸ்ஸை ஓரம் கட்டினார். பின் சீட்டில் வரலாறு சார் கையால் நெற்றியை மூடிக்கொண்டார். என் வேலை அங்கேயே போயிற்று என்று நினைத்தேன். அப்போது நாலாவது வரிசையிலிருந்து ஒரு பெரியம்மா எழுந்து, முன் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தார். சிரிக்காத ஆள் அவர் ஒருவர்தான். மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிறமாதிரி சொன்னார்: “யாரு கட்டுனா என்னங் அம்மணி, இங்கயே கொஞ்சம் நிறுத்தி வெக்கச் சொல்லு. ஈரோட்டுல விடியாலே நாலு மணிக்கு ஏறுனது.”

காகிதத்தின் பின்பக்கம்

அவர் இறங்கியதும் பின்னாலேயே இன்னொருவர் இறங்கினார். பிறகு மூன்று பேர். பிறகு பஸ்ஸில் இருந்த பெண்கள் பாதிக்கு மேல். சார் கைக்கடிகாரத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். நான் கீழே வரிசையில் நின்றவர்களோடு நின்றேன், பஸ்ஸுக்குள் போக வெட்கமாக இருந்ததால். அங்கே பேசிக்கொண்டதைத்தான் கேட்டேன். ஒருவர் முந்தின நாள் ராத்திரியிலிருந்து தண்ணீரே குடிக்கவில்லை. ஒருவர் காபி வேண்டாம் என்று விட்டுவிட்டார். டூர் என்று கிளம்பினாலே இப்படித்தானாம், எந்த ஊரானாலும். ஆம்பளை கைடிடம் எப்படிக் கேட்பது? கேட்டாலும் அடுத்த இடத்தில் பார்த்துக்கலாம் என்பார்களாம். அடுத்த இடத்தில் மகாராஜா வந்துவிடுவார்.

நூற்றிருபதையும் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். யானைக்கு எத்தனை வேளை சாப்பாடு என்பது இருந்தது. பொம்பளைக்கு எங்கே ஒதுங்குவது என்பது இல்லை.

அன்றிலிருந்து சாருடைய காகிதத்தின் பின்பக்கத்தில் நானே எழுத ஆரம்பித்தேன். பஸ் நிற்கிற இடம் ஒவ்வொன்றிலும் பெண்களுக்கு எங்கே, தாழ்ப்பாள் உண்டா, வாளியில் தண்ணீர் உண்டா, சில்லறை வேண்டுமா. பால் சூடு பண்ணிக் கொடுக்கிற கடை எது. முட்டிவலிக்காரர்கள் படி ஏறாமல் போக வழி உண்டா. தயிர்சாதம் எங்கே. மதிய நேரத்தில் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு இடமாகப் போய்ப் பார்த்தேன். மைக்கில் பேச வராதவளுக்கு இதற்கு மட்டும் எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியவில்லை. கதவைத் தள்ளி, தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்து, காகிதத்தில் குறித்துக்கொண்டு வெளியே வந்தால், ஓரிடத்தில் காவலுக்கு உட்கார்ந்திருந்த அம்மா எழுந்தே நின்றுவிட்டார். கன்னடத்தில் அவர் கெஞ்சியதைத் தமிழில் தருகிறேன்: “சர்க்கார்லேருந்து வந்திருக்கீங்களா மேடம்? பல்பும் சோப்பும் நாளைக்கே வெச்சிடறேன், பேரை மட்டும் எழுதாதீங்க.”

வாழ்க்கையில் என்னை மேடம் என்று கூப்பிட்ட முதல் ஆள். பேரை எழுதவில்லை.

வாய்த்தேர்வு

பரீட்சைக்கு மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். டிராவல்ஸ் மேனேஜர், வரலாறு சார், பெங்களூரிலிருந்து வந்த ஒரு ஆபீசர். அவர் தமிழ் தெரிந்தவர். விமலா முதலில் போனாள். உள்ளேயிருந்து இங்கிலீஷும் சிரிப்பும் மாறி மாறிக் கேட்டன. பத்தே நிமிஷத்தில் வெளியே வந்து, பயப்படாதே செல்விக்கா, எல்லாம் நோட்ஸ்தான் என்றாள்.

நோட்ஸ்தான், ஆனால் வரிசையில் கேட்கவில்லை. ஆபீசர் முதல் கேள்வியாகவே மலைக்கு எத்தனை படி என்றார். அது எண்பத்தி நாலாவது. எண்பத்தி நாலுக்குப் போக எனக்கு ஒரே வழிதான், ஒன்றிலிருந்து நடந்து போவது. கண்ணை மூடினேன், உதட்டுக்குள்ளேயே கிளம்பினேன். பஸ் நிலையம், மார்க்கெட், மணிக்கூண்டு, அரண்மனை, யானை. நடுவில் யாரோ மூன்று காபி சொன்னது காதில் விழுந்தது. சாமி கும்பிடுகிறாளா என்று மேனேஜர் சாரிடம் கேட்டதும் விழுந்தது. நான் அப்போது அறுபதில் இருந்தேன்.

காத்துக் காத்துப் பார்த்த ஆபீசர், பாவம், சுலபமாக இருக்கட்டும் என்று வேறு கேள்வி கேட்டிருக்கிறார். பெங்களூரிலிருந்து மைசூர் எத்தனை கிலோமீட்டர் என்று. அது என் காதில் ஏறவே இல்லை. அந்த நேரத்தில்தான் நான் எண்பத்தி நாலுக்கு வந்து சேர்ந்தேன். கண்ணைத் திறந்து, மூன்று மாதத்தில் முதல் தடவையாக, அறை முழுக்கக் கேட்கிறமாதிரி “ஆயிரம்” என்றேன். ஆபீசர் காபி டம்ளரைக் கீழே வைத்தார். சாரைப் பார்த்தார், மேனேஜரைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்துச் சொன்னார்: “ஆயிரமா? அப்ப நான் காலையில ஏழு மணிக்கு பெங்களூர்ல இட்லி சாப்பிட்டது கனவா?”

கருத்துப் புத்தகம்

அத்தோடு என்னை அனுப்பியிருக்க வேண்டும். ஆனால் மேனேஜர், பேசுவது பரீட்சையில் தெரியாது, பஸ்ஸில்தான் தெரியும் என்றார். விமலாவுக்கு ஒரு நாள், எனக்கு ஒரு நாள், முழுப் பயணமும் தனியாக. இறங்கும்போது பயணிகளிடம் ஒரு புத்தகம் கொடுத்துக் கருத்து எழுத வைப்பார்கள். அதைப் பார்த்து முடிவு. சார் இரண்டு நாளும் பின் சீட்டில் இருப்பார்.

என் நாளில் மாதப்பா அண்ணன் கிளம்பும் முன்பே ஜன்னல் வழியாகக் குனிந்து, இன்னைக்கும் தலைகீழாத்தான் போறேன் அம்மணி, கண்ணைத் தொறந்துட்டுப் பேசு என்று சொல்லிவிட்டார். திறந்துகொண்டே பேசினேன். திறந்தால் வரிசை வரவில்லை. அரண்மனை எரிந்த வருஷம் வரவில்லை, நந்தியின் உயரம் வரவில்லை. வராததை வாய்க்கு வந்த எண் சொல்லி நிரப்பவும் எனக்கு நாக்கு வரவில்லை, குருவின் பாடம் அன்றோடு வீண். அதனால் பின்பக்கத்தில் இருப்பதைச் சொன்னேன். ஒவ்வொரு இடத்திலும் பஸ் நிற்பதற்கு முன்பே, பெண்களுக்கு எந்தப் பக்கம், இங்கே இல்லாவிட்டால் அடுத்தது எவ்வளவு நேரத்தில், உள்ளே போனால் திரும்ப எவ்வளவு நேரம் ஆகும், செருப்பை எங்கே விடுவது, குழந்தைக்குப் பால் எங்கே. அதற்கப்புறம் நினைவில் நின்ற மட்டும் மகாராஜா. குரல் நடுங்கியது, ஆனால் கேட்டது. சமையல்கட்டில் பேசுகிற விஷயம்தானே, அதற்கு நடுங்கி என்ன.

புத்தகத்தை மறுநாள் ஆபீசில் எங்கள் இருவரையும் வைத்துக்கொண்டே சார் வாசித்தார். விமலாவுக்கு வந்தது: இங்கிலீஷ் அருமை, வரலாறு அருமை, வருஷமெல்லாம் அத்துப்படி. கூடவே இரண்டு பேர், நடுவில் நிறுத்தச் சொல்லிக் கேட்டோம், நேரமில்லை என்றுவிட்டார்கள், அம்மாவுக்கு சர்க்கரை வியாதி, ரொம்பச் சிரமப்பட்டார்கள் என்று எழுதியிருந்தார்கள். விமலாவின் முகம் சுண்டிவிட்டது. அவள் மேல் தப்பில்லை, சாருடைய அட்டவணைப்படி ஓடினாள். எனக்கு வந்ததை வாசிக்கும்போது சாரின் குரல், பல்லில் மணல் பட்டமாதிரி இருந்தது. கைடு அக்கா எல்லா இடத்திலும் முன்னாடியே சொல்லிவிட்டார். கைடு அக்கா காட்டிய கடையில் பால் நன்றாக இருந்தது. எங்கள் அத்தை படி ஏறாமலே சாமி பார்த்தார். கடைசிப் பக்கத்தில், கோணல் கோணலான எழுத்தில் ஒரு வரி. அதை மட்டும் சார் வாசிக்காமல் மேனேஜரிடம் நீட்டினார். மேனேஜர் வாசித்தார்: “பத்து வருசமா டூர் போறேன். இன்னைக்குத்தான் டூர்ல தாகத்துக்குத் தண்ணி குடிச்சேன்.”

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, இவ்வளவு பேரில் ஒருத்தர்கூட வரலாற்றைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை, இது கைடு வேலையா, கழிப்பறைக் காவலா என்று கேட்டார். மேனேஜர் பேனாவை எடுத்துக்கொண்டு போன் நம்பர் மட்டும் கேட்டார். எங்கள் வீட்டில் போன் கிடையாது, பக்கத்து வீட்டு சரோஜாக்கா நம்பரைக் கொடுத்தேன். இரண்டு நாளில் யாராவது ஒருத்தருக்கு போன் வரும் என்றார். வராதவர்கள் வராததையே பதிலாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

வெளியே வந்ததும் விமலா என் காகிதக் கட்டைப் பார்த்தாள். முன்பக்கத்தை இல்லை. வெற்றிலைக் கறையும் பால் கறையுமாக இருந்த பின்பக்கத்தை. கொடுக்காமல் இருக்க முடியுமா, உட்கார்ந்து சொன்னேன். ஓரிடத்தில் மட்டும் தாழ்ப்பாள் சரியில்லை, கதவை ஒரு கையால் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன். நிஜமாகவே மறந்தேனா என்று என்னைக் கேட்காதீர்கள். எல்லாவற்றையும் கன்னட எழுத்தில் எழுதி முடித்துவிட்டு விமலா கேட்டாள்: “செல்விக்கா, பி.ஏ.ல மூணு வருஷம் ஹிஸ்டரி படிச்சேன். இது ஏன் அதுல எங்கயுமே வரல?”

கடைசிப் பிடி மொச்சை

இன்றைக்கு இரண்டாம் நாள். காலையிலிருந்து சரோஜாக்கா வீட்டு போன் மூன்று தடவை அடித்தது. மூன்று தடவையும் நான் பிதுக்குவதை நிறுத்தினேன். முதல் தடவை அவர் மாமியார், இரண்டாவது கேஸ்காரர், மூன்றாவது தப்பு நம்பர். தப்பு நம்பரிடம்கூட சரோஜாக்கா பத்து நிமிஷம் பேசினார், லைனை அடைத்துக்கொண்டிருக்கிறாரே என்று நான் இங்கே பல்லைக் கடித்தேன். மகள் மொச்சைத் தோலையெல்லாம் ஊதுவத்தி மணை மேல் வரிசையாக அடுக்கி, அதற்குப் பஸ் என்று பேர் வைத்திருக்கிறாள். ஒவ்வொரு தோலும் ஒரு பயணியாம். ஒருத்தியை அடிக்கடி இறக்கிவிட்டு மறுபடி ஏற்றுகிறாள். என்னிடம்தானே வளர்கிறது.

மொச்சை இன்னும் ஒரு பிடிதான் இருக்கிறது. அதற்குள் மொத்தத்தையும் ஒரே வரியில் சொல்லிவிடுகிறேன். என் கூட்டத்து ஜனங்களே, மூன்று மாதப் பயிற்சி, நூற்றிருபது கேள்வி, மூன்று பேர் முன்னால் ஒரு பரீட்சை எல்லாம் முடிந்து நான் பெற்ற பொது அறிவு என்னவென்றால், ஊரைச் சுற்றிக்காட்டக் கிளம்புகிற எவரும் மகாராஜா எந்த வருஷம் பட்டத்துக்கு வந்தார் என்று வாயைத் திறப்பதற்கு முன்னால், தன் முன்னே உட்கார்ந்திருக்கிற பொம்பளைகளின் முகத்தை ஒரு தடவை பார்த்து, அவர்கள் காலையிலிருந்து தண்ணீர் குடித்தார்களா என்று கேட்டுவிட்டு, அதற்கப்புறம்தான் – இதோ சரோஜாக்கா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிடுகிறார், “செல்வி, நினகே போன் பந்திதே, உனக்குத்தான் போன், நாளைக்குக் காலையில ஏழு மணிக்குத் தமிழ் பஸ்ல நீயே ஏறணுமாம், வருவியான்னு கேக்கறாங்க, லைன்லயே இருக்காங்க” என்கிறார், கையெல்லாம் மொச்சை, மீதியை நான் வந்து